மூன்றாவது குரல்

எங்கள் வீட்டுக்காரரை ஒரு தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாவது தடவைக்கும் அசைய மாட்டார். மூன்றாவது குரலுக்குத்தான், ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, "என்ன அம்மிணி?" என்று முகத்தைக் காட்டுவார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவதுதான் மரியாதை. இங்கே புதுச்சத்திரத்துக்கு வந்து "ஏனுங்க" என்று கூப்பிடப் பழகுவதற்கே எனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. அதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"எங்க ஊட்டுல அப்படித்தான் அம்மிணி," என்றார். "உச்சி நேரத்துல ஒத்தக் கொரலுக்கு வாயத் தொறக்கப்படாது. மனுசனா இருந்தா மூணு வாட்டி கூப்புடுவான். மத்ததுக்கு மூணாவது வாட்டி கூப்புட வாயி வராது."

"மத்ததுன்னா?"

"மத்ததுதான்."

அதற்கு மேல் சொல்ல மாட்டார். மீதியை என் மாமியார்தான் சொன்னார். இவருடைய பெரியப்பா ஒரு பங்குனி மத்தியானம் சோற்றில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் மற்றவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. அவர் மட்டும் தலையைத் தூக்கி, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, எச்சில் கையோடு எழுந்து பின்வாசல் வழியாகப் போனார். கிணற்றிலிருந்துதான் எடுத்தார்களாம். வெயிலில் தலை சுற்றி விழுந்திருப்பார், இதற்கு ஒரு பேயா, ஒரு பிசாசா என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான், என்னிடம் இந்தக் கதையெல்லாம் செல்லாது. ஆனாலும் அந்த 'ங்க' மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. பட்டப்பகலில் தன் வீட்டுக் கொல்லையைப் பார்த்து அவர் யாருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார்?

எங்களவர் பெரியவர்களுக்கும் சாமிக்கும்தான் 'ங்க' போடுவார். எனக்குப் போட்டதில்லை. நான்தான் அவருக்குப் போட்டேன். போகப் போக மூன்றையும் சேர்த்து, பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுகிற மாதிரி, "ஏனுங்கஏனுங்கஏனுங்க" என்று ஒரே மூச்சில் விட்டுவிடுவேன். அவரும் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பாழாய்ப்போன வழக்கம்தான் அவர் காது செத்துக்கொண்டிருந்ததை எங்கள் எல்லோரிடமிருந்தும் மறைத்தது. அவர் போர் போடுகிற, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற, ரிக் லாரியில் டிரில்லர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், பாறைச் சத்தம் மாறுவது தெரியாமல் போய்விடும் என்பார். அந்த வேலையில் காது போனால் ஆளே போய்விடும். குழாய் குழாயாக ராடைத் தூக்கும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் போடுவார்கள். அது கேட்டுத்தான் நகர வேண்டும்.

வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் நாட்களில் அவருக்கு ஒரே பைத்தியம்தான், ஆகாயம். வாசல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் விண்வெளி வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவார். எந்தக் கிரகத்தில் தண்ணீர் இருக்கிறது, எதில் உயிர் இருக்கலாம், எத்தனை பெரிய தட்டுகளை வானத்தைப் பார்க்க வைத்துக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று எல்லாம் ஒப்பிப்பார்.

"எந்தக் கெரகத்துல உசுரு இருக்குன்னு பாக்கறீங்களே, இங்க ரேஷன் கடையில சக்கரை போட்டு முடியப்போவுது. எல்லாம் எம்பட கெரகம்!" என்று நான் கத்துவேன். இந்த ஊர்க்காரர்களோடு இருந்து இருந்து எனக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது.

ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து ஒரு சத்தம் வந்ததாம். ஒரே ஒரு தடவை. காது கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். அதற்கப்புறம் அதே திசையில் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தும் மறுபடி வரவேயில்லை.

"பாத்தியா? ஒத்தக் கொரலு," என்றார். அவர் சிரிக்கவில்லை.

"பாவம், அவங்களுக்கு இன்னொரு தடவை கூப்பிடத் தெம்பு இல்லையோ என்னமோ," என்றேன்.

"தெம்பு இல்லாதவன் அவ்வளவு தூரத்துல இருந்து கூப்புடுவானா?"

இன்னொரு நாள், சூரியனின் எல்லையைத் தாண்டிப் போய்விட்ட விண்கலங்களைப் பற்றிச் சொன்னார். பூமியிலிருந்து வணக்கம் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கிறார்களாம். தெலுங்கு இருக்கிறதாம், கன்னடம் இருக்கிறதாம், தமிழ் இல்லையாம். எனக்கு உடனே ரோஷம் வந்துவிட்டது. அதெப்படி நம் பாஷையை விடுவார்கள் என்று எகிறினேன்.

"உட்டதே நல்லது," என்றார். "ஆரு இருக்காங்கன்னே தெரியாத ஊட்டு வாசல்ல போயி நின்னு கூப்புடறதா? இத்தன நச்சத்திரம் இருக்குது, ஒண்ணுலகூட ஒரு சத்தம் இல்ல. ஏன்னு நெனச்சுப் பாத்தியா? உசுரே இல்லாம இருக்காது அம்மிணி. பதில் சொன்னவன் பூராப் போய்ச் சேந்துட்டான். மிச்சம் இருக்கறவன் வாய மூடிட்டு இருக்கான்."

மத்தியான வெயில்தான். ஆனாலும் எனக்கு முதுகில் சில்லென்றது. அதை மறைக்கத்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டினேன். அதற்கு அவர் வேறொரு கதை சொல்லிச் சிரிக்க வைத்தார். ஓரிடத்தில் வானத்துச் சத்தம், வானத்துச் சத்தம் என்று வருஷக்கணக்காகக் குழம்பிக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் பார்த்தால் அவர்கள் சாப்பாட்டை சூடு பண்ணுகிற மின் அடுப்பின் கதவைத் திறந்த சத்தமாம். "சொந்த ஊட்டு அடுப்பே ஆளை ஏமாத்திருச்சு பாரு," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வருஷம்தான் போன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. தெரு முழுக்கச் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிக் கேட்டது. நான் மூன்று தடவை கூப்பிட்டும் அவர் திரும்பாத நாட்கள் வந்தன. சண்டை போட்டேன். "நாலாக்கிட்டேன் அம்மிணி, காலம் கெட்டுக் கெடக்குது," என்று விளையாட்டாகச் சொல்லித் தப்பித்துவிட்டார். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எனக்கு முதுகைக் காட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுக்களை மேல் தட்டிலிருந்து பித்தளை அண்டா நழுவி, மூடியோடு தரையில் விழுந்து உருண்டது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவர் ஒரு இணுக்கைக் கிள்ளி முறத்தில் போட்டு, அடுத்த இணுக்கை எடுத்தார். தோள் கூட அசையவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"ரிக்குல சொல்லிறாத அம்மிணி. அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. அண்ணன் மூணாவதுக்குத்தான் திரும்புவாருன்னு நெனச்சுட்டு இருக்கானுங்க."

சூரமங்கலத்தில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே, மெஷினைத் திருகுகிற பெண்ணின் பக்கத்தில் நின்றேன். அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இவர் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். அவள் நிறுத்திவிட்டு எழுதக் குனிந்தபோது, உள்ளே இவர் மெதுவாக விரலைத் தூக்கினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை தூக்கினார்.

"நான் இப்ப சத்தமே விடலையேக்கா," என்றாள் அந்தப் பெண்.

நரம்பு போய்விட்டது, இனிமேல் இரைச்சல் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். காதுக்குள் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று எழுதிக் காட்டினார். எங்களவர் இல்லையென்று தலையாட்டினார். அப்போது விரலை ஏன் தூக்கினீர்கள் என்றதற்கு, கண் அசந்துவிட்டேன் என்றார். பொய். அவர் கண் கொட்டாமல் எதையோ கேட்டுக்கொண்டிருந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வேலைக்குப் போக வேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், திட்டினேன், சோறு ஆக்காமல் கூடக் கிடந்தேன். ஓமலூர்ப் பக்கம் ஒரே ஒரு போர், அது முடிந்தால் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். அவர் கிளம்பிப் போனதிலிருந்து எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை. போன் அடித்தால் பாதிப் பாடத்தில் வெளியே ஓடுவேன்.

அடித்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த கையோடு. ரிக் லாரி டிரைவர் பேசினார்.

"அக்கா, பயப்படாதீங்க, உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க. ராடு வருது ராடு வருதுன்னு கத்துனோமுங்க. ரெண்டு வாட்டி கத்துனோம். எப்பவும் போல மூணாவதுக்குத் திரும்பிருவாருன்னு..." மூன்றாவது குரலுக்கு நேரமே இருக்கவில்லை.

தலைக்கு வந்தது தோளோடு போனது. எலும்பு கூடிவிட்டது. நான் போகாத கோயில் இல்லை. அறிவியல் டீச்சர் வேண்டுதல் வைத்து மொட்டை போட்டதைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், ஆள் வீட்டில் இருக்கிறாரே என்று நிம்மதியாக இருந்தேன். ரிக்குக்கு இனிமேல் போக மாட்டார். இனி ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

காதுக்கு வாங்கின மெஷின் டப்பாவிலேயே கிடக்கிறது. அதை மாட்டினால் இரைகிறது என்கிறார். இப்போது வீடியோவைச் சத்தமில்லாமல் பார்க்கிறார். சிவப்பு மண், கறுப்பு வானம், மெல்ல உருண்டு போகிற வண்டி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று தலையைச் சாய்ப்பார். ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போனில் பெரிய எழுத்தில் டைப் பண்ணிக் கேட்டேன். காதில் என்ன கேட்கிறது?

சொன்னார். முதலில் கொசு இரைகிற மாதிரி இருந்ததாம். அப்புறம் கம்ப்ரசர் மாதிரி. இப்போது தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி.

"என்ன பேசறாங்க?"

"இன்னும் வெளங்கல," என்றார். அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கவேயில்லை.

டாக்டரிடம் ஓடினேன். வெளிச் சத்தம் போகாத காதுக்கு மூளை தானாக ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும், சிலருக்குப் பேச்சு மாதிரிகூடக் கேட்கும், பயப்பட வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து இவருக்கு டைப் பண்ணிக் காட்டினேன்: 'அடுப்புக் கதவுதானுங்க. சொந்த ஊட்டு அடுப்பு.' படித்துவிட்டு அதே பழைய சிரிப்புச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

போன பங்குனியில் ஒரு விடுமுறை நாள். மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு ரசம் எடுக்க அடுக்களைக்குள் போனேன். வெளியே ஒரு காக்கா கூட இல்லை, அவ்வளவு வெயில். கரண்டியைக் கையில் எடுத்தபோது அவர் குரல் கேட்டது. காது போன பிறகு சத்தமாகத்தான் பேசுவார். இது அப்படியில்லை, தணிந்த குரல்.

"வாரேனுங்க."

நான் கூப்பிடவில்லை. நான் வாயே திறக்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவர் பின்வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். எதிரே கிணறு. எச்சில் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஐயோ சாமி, யாருமே கூப்பிடலீங்க, யாருமே இல்லீங்க என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். அவர் என் உதட்டைப் பொறுமையாகப் படித்தார். எனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்பது போல என்னைப் பார்த்தார்.

"கைய உடு அம்மிணி," என்றார். "மூணு வாட்டி கூப்புட்டாச்சு."