குடிலுக்குப் பாதிக் கூரை

போன ஞாயிறு, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கிங்ஸ்பரியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் கிறிஸ்மஸ் குடில் கட்டினேன். சைவக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? பக்கத்து வீட்டு மரியதாஸ் கூப்பிட்டார். பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டுமாம்.

மரியதாஸ் மன்னார்க்காரர். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். மனைவி ஊரில், அகதி முகாமில். போன மாதம் மகன் பிறந்திருக்கிறான். அப்பா இன்னும் முகம் பார்க்கவில்லை.

கோயில் ஃபாதர் வெள்ளைக்காரர், ஓவியப் பைத்தியம். மறுமலர்ச்சி கால ஓவியங்களின் போஸ்ட்கார்டுகளைப் பரப்பி வகுப்பே எடுத்துவிட்டார். தரையில் கோதுமைக் கதிரா? அது பின்னால் கடைசி இராவுணவில் வரப்போகும் அப்பம். பாலனைச் சுற்றிய வெள்ளைத் துணியா? கல்லறைத் துணிக்கு முன்னறிவிப்பு. இடிந்த சுவர், பிய்ந்த கூரை? பழைய உலகம் முடிந்தது, புதியது பிறந்தது. ஒரு படத்துக்குள் இவ்வளவை ஒளித்து வைத்தால்... பார்க்கிறவன் பாவம் இல்லையா?

இந்த முறை நம் குடிலுக்கும் பாதிக் கூரைதான் என்றார் ஃபாதர். மரியதாஸ் தலையாட்டினார். பிய்த்தோம்.

மறுநாள் மாலை போனால், ஓட்டைக்கு மேல் நீலத் தார்ப்பாய் — கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கோயிலுக்குள் மழை பெய்யாதே என்று ஃபாதர் சிரித்தார். பிறகு மரியதாஸுக்குப் பொறுமையாகப் பழைய உலகம், புதிய உலகம் எல்லாம் மறுபடி விளக்கினார்.

மரியதாஸ் என் பக்கம் திரும்பினார்.

"அவர் சொல்லுறது விளங்குது அண்ணை. ஊரில இப்ப மாரி மழை. முகாமில கொட்டில் ஒழுகுதாம். மனுசி பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடம் மாத்துறாவாம். என்ர கையால ஒரு பிள்ளைக்கு மேல கூரையைப் பிய்ச்சுப்போட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது? நீங்கள் அவருக்குச் சொல்லுங்கோ."

ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு மூலையில் கயிறு தளர்ந்திருந்தது. ஃபாதரே இழுத்துக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து, ஃபாதர் தந்த போஸ்ட்கார்ட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் பாலனையே பார்க்கிறார்கள் — மாடும் கழுதையும்கூட. பாலனின் வளர்ப்புத் தகப்பன் யோசேப்பு மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கி, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். நடக்கும் அதிசயத்துக்கு அவர் வெளியாள் என்பதற்கு அது அடையாளமாம். ஃபாதர்தான் சொன்னார்.

எனக்கென்னவோ, மனுஷன் கூரைக்கு வழி யோசிக்கிறார் என்றுதான் படுகிறது.