துண்டுக்கு அடியில் பிடித்த கை

நான் மாட்டுத் தரகன். பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் வாத்தியாருடைய பசுவை விற்றுக் கொடுக்க. ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கூசாமல் பொய் சொல்வேன். பல் போன மாட்டைக் காட்டி, இன்னும் பல்லே முளைக்கவில்லை என்று விற்ற வாய் இது.

அப்படிப்பட்ட வாயை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் ஆரம்பத்தில் ஆண்டவர் வாங்கிக்கொண்டார். அவர் நல்ல வியாபாரி இல்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

ஞானஸ்நானம் எடுத்த ஈரம் காய்வதற்குள், யாரையாவது கூட்டிவர வேண்டும் என்ற வெறி எனக்கு வந்துவிட்டது. மத்தூர் சந்தைக்கு எங்கள் சபை உபதேசியார் சுவிசேஷப் புத்தகப் பையோடு வருவார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், என்னைவிடச் சின்னவர். பலமாகக் காற்றடித்தால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். புளியமரத்தடியில் நின்று கதை சொல்வார். ஜனங்கள் கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவரும் டீ குடிக்கப் போய்விடுவார். எனக்குப் பொறுக்காது. மாட்டைக் காட்டிவிட்டு விலை பேசாமல் போகிற வியாபாரி உண்டா?

எங்கள் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். இருவர் கையின் மேலும் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். கடைசியில் முழுக் கையையும் இறுக்கிவிட்டால் முடிந்தது. அப்புறம் பின்வாங்கினால் சந்தையில் தலைகாட்ட முடியாது. எதிராளியே நாலு பேர் முன்னால் ‘விட்டேன்’ என்று சொன்னால்தான் விடுதலை.

கல்லாவிப் பக்கத்து விவசாயி ஒருவர் எனக்குப் பழக்கம். மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய மாடுகளெல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை. அதற்குப் பிறகும் என்னோடு பேசினார் என்றால் எவ்வளவு நல்ல மனிதர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அவர் புளியமரத்தடியில் நின்று, வீட்டைவிட்டு ஓடிய மகன் திரும்பி வந்த கதையை முழுசாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. தரகன் கண்ணுக்கு அது தப்புமா? பக்கத்தில் போய்த் துண்டைப் போட்டுக் கையைப் பிடித்துவிட்டேன்.

“மாமா, ஞாயித்துக்கெழம எங்க கோயிலுக்கு வரீங்க. இனிமே இந்தச் சாமிதான். சரின்னா இறுக்குங்க.”

சுற்றிலும் தரகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு இறுக்கினார்.

நான் ஓடிப்போய் உபதேசியாரிடம் வியாபாரம் முடிந்தது என்றேன். அவுக வாயத் தொறந்து என்ன சொன்னாக என்று கேட்டார். வாய் எதற்கு, கை சொல்லிவிட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். துவைத்த வேட்டி. வாசலில் துண்டால் நெற்றியைத் துடைத்திருக்கிறார், புருவத்தில் மட்டும் கொஞ்சம் விபூதி மிச்சமிருந்தது. நாங்கள் பாடினோம். அவர் புதுக் கொட்டகையில் கட்டிய மாடு தீவனத்தைத் தொடாமல் நிற்பதைப்போல உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்ன மாமா என்றேன்.

“கை குடுத்துட்டேன் மாப்ள, வாக்கு மாற மாட்டேன். ஊட்ல அவ பேசறதில்ல. கொலசாமிக்கு வெளக்கு வெக்கல. நான் வந்துட்டேன், மனசுதான் இன்னும் வரல.”

பின்னால் நின்ற உபதேசியாரும் இதைக் கேட்டுவிட்டார். என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

“கைய விட்டுரும் வே.”

“உட்டா போயிடுவாருங்க. அப்புறம் இந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு.”

“போகட்டும். சொல்லுததுதான் நம்ம சோலி, மனசத் தொறக்கது ஆண்டவரு சோலி. அவருக்குக் கல்லாவிக்கு வழி தெரியாதா?”

நான் பிடித்துவந்த ஒரே ஆள் அவர். அவரைவிட எனக்கு அந்தப் பெருமைதான் வேண்டியிருந்ததோ என்னவோ.

அடுத்த சந்தையில் மாமாவைக் கூப்பிட்டு, துண்டைப் போட்டு, அவர் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, விட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். எந்த மாட்டைடா விடுகிறாய் என்று ஒரு தரகன் கேட்டான். மாடு இல்லை, மாமாதான் என்றேன். “பல்லப் பாத்தியா?” என்றான் அவன். சந்தையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினார்.

எனக்கு ஜெபம் சரியாக வராது. “ஆண்டவரே, நான் வழிய உட்டு நவுந்துட்டேன், நீங்க மாமாகிட்ட போய்க்கோங்க” என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் சந்தையில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போவார். நானும் ஆட்டுவேன். வாய் துடிக்கும். வெற்றிலையைப் போட்டு அடைத்துக்கொள்வேன்.

கேழ்வரகு அறுப்பு முடிந்த பிறகு ஒரு நாள், புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் மாமா தானாகவே வந்து உட்கார்ந்தார். உபதேசியார் டீ குடிக்கப் போயிருந்தார். மாமா தரையில் ஒரு குச்சியால் கிழித்துக்கொண்டே இருந்தார்.

“அந்த அப்பன் கதையில, ஓடிப்போன தம்பிக்கு விருந்தான்னு பெரிய மவன் கோவிச்சுக்கினு வெளியவே நின்னான் இல்ல? கடைசில உள்ள போனானா?”

“அது எழுதலயாம் மாமா. அப்பன் வெளிய வந்து கூப்ட்டாரு. அதோட நிக்குது.”

“அவரே வந்து கூப்ட்டாரா?”

“அவரேதான்.”

மாமா மறுபடியும் கிழிக்க ஆரம்பித்தார். என் கை தானாகத் தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று. அதை எடுத்து, மடித்து, கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“இன்னொருவாட்டி மொதல்லேருந்து சொல்லு” என்றார்.