அண்ணாச்சியின் இருமலும் பேரனின் சேனையும்

மருந்துக்கடைக்காரி ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, தெருமுனையில் கேட்கிற இருமலே யார் வருகிறார் என்று சொல்லிவிடும். ஸ்ரீவைகுண்டத்தில் பல வருஷமாக இருமல் கேட்டுப் பிழைக்கிறேன். இருமி இருமி விலா நொந்துபோனவர்களே, இது உங்களுக்குத்தான்.

எல்லாக் கலரும்

வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு மருந்தின் பெயர் வேண்டாம், கலர் போதும். சிவப்பு இருமல் மருந்து வாங்கினார், அடங்கவில்லை. நாலு நாள் கழித்துப் பச்சை. எத்தனை நாளாக இருமுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் நானும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் புத்திகெட்டத்தனம் என்னுடையதுதான். இரண்டையும் காலி செய்துவிட்டு மறுபடி வந்து நின்றார்.

"வேற என்ன கலர் வச்சிருக்க தாயி?"

அறுபது வயதுப் பிள்ளை

நான் பதில் சொல்வதற்குள் அவரைப் பிடித்துக்கொண்டது. மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கடுக்காக இருமல், முகமெல்லாம் சிவப்பு, கடைசியில் கூவுகிற மாதிரி ஓர் இழுப்பு. ஓடிப்போய் வாறுகால் சாக்கடையில் வாந்தி எடுத்தார். பத்து நாளாக இப்படித்தானாம். மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பிள்ளைக்குத் தான்தான் சேனை வைக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறந்த பிள்ளையின் நாக்கில் கருப்பட்டித் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

"கக்குவான் இருமல் மாதிரி இருக்கு அண்ணாச்சி. சின்னதுல போட்ட ஊசியெல்லாம் வயசானா பலம் கொறஞ்சிரும். நமக்கு வெறும் இருமலு, பச்சப்பிள்ளைக்கு மூச்சே நின்னுரும். இப்பமே டாக்டர்ட்ட போங்க" என்றேன்.

"அது சின்னப் பிள்ளையளுக்கு வாறதுல்லா? எனக்கு அறுவது வயசு ஆவுது தாயி!"

மண்டி வாசம்

ஆனாலும் போனார். டாக்டர் சோதித்துவிட்டுக் கக்குவான்தான் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, முடியும்வரை வீட்டுப்பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார். வீட்டாருக்கும் மாத்திரை. செல்வி ஏழாம் மாசத்திலேயே பிள்ளைக்கும் சேர்த்துக் காவலாக இதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணாச்சி வாழைத்தார்களோடு மண்டியிலேயே குடியிருந்தார். மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். நான் விசாரிக்கப் போய் வாசலில் நின்றபோது செல்போனில் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் இருமலும் சேர்ந்து வர, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்தார்.

"போனு வழியா ஒட்டாதுல்லா தாயி?"

வைக்காத சேனை

ஆறாம் நாள் டாக்டர் சரி என்றதும், பேரனை மடியில் வாங்கிப் பார்த்த கையோடு ஒரு தார் கதலி சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். வாயெல்லாம் பல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேனை வைத்தாச்சா என்றேன். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வருத்தமா என்றேன்.

"எதுக்கு? என் கொணத்தக் குடுக்கேன்னு போயி, இருமலயில்லா குடுத்திருப்பேன்!"

மிச்ச இருமல் அடங்க இன்னும் பல வாரம் ஆகுமாம், அதுவரை அண்ணாச்சி என் கடைவாசலில் உட்கார்ந்து, இருமிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் "எத்தன நாளா இருமுத?" என்று மறித்து டாக்டரிடம் அனுப்பிவிடுவதால், என் சிவப்பு பச்சை பாட்டில்களைச் சீந்த ஆளில்லை.