மேல் உதட்டில் புண்ணோடு ஓர் ஊர்வலம்

எனக்கு வாய்ப்புண் வந்தால் கன்னத்தில் வராது, நாக்கில் வராது. மேல் உதட்டின் உள்பக்கம், டிரம்பெட்டின் மவுத்பீஸ் வந்து உட்காரும் அதே இடத்தில்தான் வரும், விலாசம் விசாரித்து வந்த மாதிரி. தாம்பரத்தில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் ஊதுகிறவன் நான். மற்றவர்களுக்கு வாய்ப்புண் என்றால் காரம் சாப்பிட முடியாது, அவ்வளவுதான். எனக்குப் பிழைப்பே அந்த உதடு.

இந்தத் தடவை மாடம்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருந்த வாரம் பார்த்து வந்தது. அவர்கள் கேட்டிருந்த பாட்டு உச்சத்தில் ஆரம்பிக்கும். மண்டப வாசலில் அதைத் தனியாக எடுக்க வேண்டியவன் நான். முடியாதென்றால் எங்கள் மாஸ்டர் வேறு ஆளைக் கூப்பிடுவார். வருகிறவன் நன்றாக ஊதிவிட்டால்? தை மாசம் முழுக்க அவனே ஊதினால்? ஒரு புண்ணில் ஆரம்பித்து நடுத்தெருவில் நிற்பது வரைக்கும் ஒரே மூச்சில் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்குப் போன்தான் டாக்டர். வாய்ப்புண் என்று தேடி ஒரு வீடியோ பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

“கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சூடு,” என்று மனைவி மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து வேளாவேளைக்குப் போட்டாள். “வாய மூடிக்கினு கவலப்பட்டா சீக்கிரம் ஆறும்.”

பாதி ஆறியது. மீதிக்கு மெடிக்கலில் ஒரு ஜெல் கொடுத்தார்கள். “சாப்பாட்டுக்கு முன்னாடி லேசா தடவுங்கண்ணா, எரிச்சல் தெரியாது.” சாப்பாட்டுக்கு முன்னால் தடவலாம் என்றால் பாட்டுக்கு முன்னாலும் தடவலாமே? ஊர்வலம் கிளம்பும் நேரம், பயத்தில் உதடு முழுக்க அப்பிக்கொண்டேன்.

வலி போயிற்று. கூடவே உதடும் போயிற்று. மவுத்பீஸை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. ஊதினால் ‘புஸ்ஸ்’ என்று வெறும் காற்று.

பக்கத்தில் ஊதிக்கொண்டிருந்த இன்னொரு டிரம்பெட்காரன் திரும்பினான். “இன்னா மச்சான், டயர் பஞ்சரா?”

“ஜெல்லு தடவினேன்டா. வாயே இல்லாத மாதிரி கீது.”

“அடப்பாவி! தொடச்சிட்டு வாயக் கொப்புளி. மாஸ்டர் பாக்கறாரு, வெரல மட்டும் ஆட்டிக்கினே வா. நான் சமாளிக்கிறேன்.”

தெருவோரம் கொப்பளித்துவிட்டு வந்து, கன்னத்தை உப்பவைத்து, பித்தான்களை வெறுமனே அமுக்கிக்கொண்டே நடந்தேன். டிரம்ஸ் சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? மாப்பிள்ளையின் மாமா என் முன்னால் ஆடிவந்து, “அண்ணா, செம! நீங்கதான் இன்னைக்கு ஹீரோ!” என்று கையைத் தூக்கினார். நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். என் பங்கையும் சேர்த்து ஊதி முகமெல்லாம் சிவந்துபோயிருந்தவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மண்டபத்தின் சீரியல் லைட் கண்ணில் பட்டது. அங்கே விரலை ஆட்டித் தப்பிக்க முடியாது. மற்ற எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். நாக்கால் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அப்புறம் சுருக்கென்று ஒரு குத்து.

“டேய், வலிக்குதுடா!” என்று கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

“நல்லா வலிக்குதா?”

“உயிர் போவுது மச்சான்!”

“அப்போ ஊது.”

டிரம்ஸ் நின்றது. மவுத்பீஸை நேராகப் புண் மேலேயே வைத்து அழுத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்ட, உச்சத்தில் எடுத்தேன். கொஞ்சமும் பிசிறவில்லை.