தொடைக்குத் தடவிய கிரீஸ்

கொளஞ்சிக்கு நாற்பத்தாறு வயது. அதில் முப்பது வருஷம் மரக்காணம் உப்பளத்திலேயே போயிற்று. வேலையில் சூரர், புத்தியில் கொஞ்சம் கோணல். அவர் பலகை பிடித்துப் பாத்தியில் உப்பு வாருவார். மனைவி அமராவதி கூடையில் சுமந்து கொண்டுபோய்க் குவிப்பாள். அங்கே ஜோடிக்குத்தான் வேலை. ஒருத்தர் இறங்காவிட்டால் மற்றவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன வருஷம், 2005இல், லாரிக்கு மூட்டை ஏற்றும்போது மனிதர் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இரண்டு துண்டு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, எட்டு ஸ்குரு முடுக்கி அனுப்பினார்கள். பத்து மாதம் அமராவதி களையெடுக்க, கல் சுமக்க என்று கண்ட வேலைக்கும் ஓடி அவருக்குக் கஞ்சி ஊற்றினாள். கடைசியில் டாக்டர், தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார். அந்த வாரம் பார்த்துத்தானா சனியன் பொம்மைப்படமாக வர வேண்டும்!

பக்கத்து வீட்டு சிலுவைமுத்து வாடகைக்கு எடுத்து வந்த சிடி அது. மனுஷனும் மெஷினும் ஒன்றாகிற கதை. ஹீரோவுக்கு முதலில் கால் இரும்பானது, பிறகு கை, பிறகு முதுகு. அப்புறம் கடலில் விழுந்தான். எழுந்து வந்தால் மூட்டெல்லாம் துரு! தூக்கிய காலைக் கீழே வைக்க முடியாமல் கரையில் அப்படியே நின்றுவிட்டான். ஒரு காக்கா வந்து அவன் தலைமேல் உட்கார்ந்தது. சிலுவைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். கொளஞ்சி தன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உப்பளத்துக்காரனுக்குத் துருவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா? அங்கே புது சைக்கிளே ஒரு வருஷம் தாங்காது. மறுநாள் காலை அவர் வரப்போடு நின்றுகொண்டார்.

"இன்னாப்பா, எறங்கல?" என்றார் மேஸ்திரி சடையப்பன்.

"உள்ள இரும்பு இருக்குது மேஸ்திரி. உப்புத்தண்ணி பட்டு துரு ஏறிச்சுன்னா பாத்தியிலயே நின்னுடுவேன். அப்புறம் காக்கா வரும்."

"காக்காவா? பத்து மாசம் உங்க பாத்திக்கு ஆள் மாத்தாம வச்சிருந்தேன்பா. நாளைக்கு எறங்கலைன்னா வேற ஜோடிக்குக் குடுத்துடுவேன்."

அமராவதி கூடையைக் கீழே போட்டாள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பிழைப்பு இப்படியா போக வேண்டும்? அன்று முழுக்கக் கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள்.

கொளஞ்சியும் சும்மா இருக்கவில்லை. மழைக்காலம் வந்தால் உப்பளத்து ஆயில் இன்ஜினுக்கு கிரீஸ் தடவிச் சாக்குச் சுற்றி வைப்பது வழக்கம். அதே வைத்தியத்தைத் தன் தொடைக்குச் செய்துகொண்டார். இடுப்பு முதல் முழங்கால்வரை கறுப்பு கிரீஸ், அதன்மேல் உரச்சாக்கு, அதன்மேல் கயிறு. அந்தக் கோலத்தில் மறுநாள் வந்து நின்றதைப் பார்த்து உப்பளமே வேலையை விட்டுவிட்டுச் சிரித்தது. இத்தனை செய்தும் பாத்தியில் இறங்க மட்டும் தைரியம் வரவில்லை.

சடையப்பன் வேறு ஜோடியைக் கூப்பிட வாயெடுத்தார். அமராவதி தன் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து புருஷன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"யோவ், இது எங்கம்மா குடுத்த சீரு. இருபது வருஷமா இந்த உப்புத்தண்ணியிலதான் கழுவுறேன். துரு எங்க, காட்டு!"

"இது எவர்சில்வருடி."

"உன் தகடும் எவர்சில்வருதான்யா! உள்ள வைக்கறதுக்கு முன்னாடி டாக்டரே எங்கிட்ட காட்டினாரு."

கொளஞ்சி தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியில் அவள் பெயர் வெட்டியிருந்தது. அதைத் தடவினார்.

"அப்படின்னா என் தகட்டுலயும் பேர் வெட்டியிருப்பாங்களா?"

சடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அமராவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வெட்டியிருந்தா என் பேராத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு உன்ன ஆபரேஷனுக்கு உள்ள அனுப்புனவ நானு. பேர் வெட்டுன பாத்திரம் யார் வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்துடும். நீயும் வந்துட்ட இல்ல? எறங்குய்யா!"

கொளஞ்சி கயிற்றை அவிழ்த்து, சாக்கை வரப்பில் போட்டுவிட்டு, பலகையோடு பாத்தியில் இறங்கினார்.