இரண்டு ஷிப்டுக்கு ஒரு மெத்தை

நான் நாற்பத்தாறு வயதில்தான் எழுத்துக்கூட்டப் படித்தவன். நாலு வரி எழுதினாலே கை கடுக்கும். பொய் சொல்வதாக இருந்தால் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இது போன மார்ச் மாதம், நான் வேலை பார்க்கும் தெப்ராவில் எனக்கு நடந்தது.

கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் வேலை. எனக்குக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. கூட வேலை செய்யும் ஜீவனுக்கு இரவு ஷிப்ட். வாடகை மிச்சமாகட்டும் என்று இருவருக்கும் ஒரே அறை, ஒரே மெத்தை. நான் எழுந்து போனதும் அவன் வந்து படுப்பான். அவன் போனதும் நான். சுவரோரம் கிடக்கும் பெரிய மெத்தைதான். ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து படுத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொந்த ஊரான பெக்கான் நானாஸில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவேன்.

படிக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் போன் பைத்தியம். நடுச்சாமம் வரை பார்ப்பேன். தூக்கம் கெட்டது. வண்டியிலேயே இரண்டு முறை கண்ணயர்ந்துவிட்டேன். இரண்டாவது முறை, வண்டியின் இரும்புக் கம்பி ரூபினி என்கிற பெண்ணின் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

சூப்பர்வைசர் கனகராஜ் என் முன்னால் வண்டிச் சாவியை ஆட்டினார்.

“வீட்டுல ராத்திரி என்ன, தியேட்டரா நடத்துறீங்க? இன்னொரு தடவை தூங்குனா அப்படியே வீட்டுக்குப் போயிடலாம் லா.”

அன்றிரவு 9.40. போனைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துப் படுத்தேன். மெத்தை சூடாக இருந்தது. ஜீவன் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்குமே... தாமதமாகக் கிளம்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

தூக்கம் வரவில்லை. 10.15க்குப் போனை எடுத்தேன். கொஞ்ச நேரம்தானே என்று.

12.52. போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

சுவரில் நீல வெளிச்சம்.

என் போன் தலைக்கு அடியில் இருக்கிறது...

வெளிச்சம் மாறியது. நீலம். வெள்ளை. மறுபடியும் நீலம். என் முதுகுக்குப் பின்னால் யாரோ திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். கட்டைவிரல் கண்ணாடியில் உரசும் சத்தம். சர்ர்... சர்ர்...

“ஜீவா? வேலைக்குப் போகலையா?”

சத்தம் நின்றது.

மெத்தை என் பக்கமாக அமுங்கியது.

காதோரம் மூச்சு...

“இன்னும் ஒண்ணே ஒண்ணு... பார்த்துட்டுப் படுத்துடுறேன்.”

கையைப் பின்னால் நீட்டினேன்.

ஆள் இல்லை.

விரிப்பு மட்டும்... சூடாக.

1.03.

விடியும்வரை சமையலறை விளக்கடியில் உட்கார்ந்திருந்தேன். காலை 7.50க்கு கனகராஜிடம் சாவியை நானே நீட்டினேன்.

“இன்னைக்கு ஓட்டுனா யாரையாவது கொன்னுடுவேன், பாஸ்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டி ஒட்டும் வேலைக்கு அனுப்பினார்.

வழியில் ஜீவன் வந்தான். ஷிப்ட் முடிந்து, கண் இரண்டும் சிவந்து.

“நேத்து எத்தனை மணிக்குடா வேலைக்கு வந்த?”

“ஏழரைக்கேண்ணே.”

நான் சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. லீவு போட்டா ஊட்டுக்குப் போங்கண்ணே. மூணு வாரமா பகல்ல சன்னலை அடைச்சுட்டு நான் படுத்தா, பின்னாடி படுத்துக்கிட்டு போன் பார்க்குறீங்க. சுவரெல்லாம் வெளிச்சம். எனக்குத் தூக்கமே இல்ல.”

அந்த மூன்று வாரத்தில் நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.