பலர்மோ அண்ணைக்கு ஓர் எதிரி

மாசி, பங்குனிச் சனிக்கிழமைகளில் தெற்கு லண்டனில், சட்டனில் உள்ள அத்தான் வீட்டு முன்னறைத் தொலைக்காட்சியில் ஆறு நாடுகளின் ரக்பித் தொடர் ஓடும். யாழ்ப்பாணத்து ஆட்கள் கூடினால் கிரிக்கெட்தானே என்று கேட்பவர்களுக்கு நான் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தான் லண்டனுக்கு வந்து செய்த முதல் வேலை, மேற்கு லண்டனில் இங்கிலாந்து அணி ஆடும் மைதானத்துச் சமையலறையில் அண்டா கழுவியது. அன்றிலிருந்து அவர் இங்கிலாந்துக்காரர். அவருடைய கூட்டாளி கிளாஸ்கோ அண்ணை. அகதியாக வந்தவரை அரசாங்கம் கிளாஸ்கோவில் கொண்டுபோய் வைத்தது. பத்து வருடக் குளிருக்குப் பிறகு இங்கே வந்துவிட்டார், ஆனாலும் ஸ்கொட்லாந்தை விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் கார்டிஃபில் கிடைத்ததால் என் நாடு வேல்ஸ். அத்தான் என் பெரியம்மா மகளை, அக்காவை, கட்டியவர். அவர்கள் வீட்டு மாடியில் உள்ள சின்ன அறையில்தான் இருக்கிறேன்.

இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒரு பழைய வெள்ளிக் கோப்பைக்காக ஆடுகின்றன. கல்கத்தாவில் கலைந்துபோன ஒரு ரக்பிக் கழகத்தின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது அது. கைபிடிகள் மூன்றும் நாகபாம்புகள், மூடியில் ஒரு யானை. "பாம்பும் எங்கட, யானையும் எங்கட, வெள்ளியும் எங்கட, கப் மட்டும் அவங்கட" என்பார் கிளாஸ்கோ அண்ணை. அதைப் பார்த்து அத்தானும் அவரும் தங்களுக்கென்று ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். மூக்கு வைத்த பித்தளைப் பேணி அது. வென்ற நாட்டுக்காரர் ஒரு வருடம் முழுக்க அதில் தேத்தண்ணி குடிப்பார். தோற்றவருக்குக் கடதாசிக் கப்.

இந்த ஒழுங்குக்குள் பலர்மோ அண்ணை வந்து சேர்ந்தார். இத்தாலியில், பலர்மோ நகரத்தில் பதினாறு வருடம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு லண்டன் வந்தவர்; ஒரு பேக்கரியில் விடியற்கால ஷிப்ட். வாழ்க்கையில் ஒரு ரக்பி ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பலர்மோவில் எல்லாம் உதைபந்துதானாம். ஆனாலும் சனிக்கிழமையில் போக ஓர் இடம் வேண்டும் அல்லவா. "இத்தாலிக்கு ஆள் இல்லைத்தானே, நான் நிக்கிறன்" என்றார்.

உண்மையான தொடரிலும் இத்தாலி பிந்தி வந்த நாடுதான். நூறு வருடத்துக்கு மேலாக நடந்துவந்த தொடரில் ஐந்து நாடுகளோடு ஆறாவதாகச் சேர்ந்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கில் மற்ற மூன்றையும் வெல்லும் நாட்டுக்கு மும்முடி என்று ஒரு பெருமை உண்டு. இத்தாலி எல்லோரையும் வென்றாலும் அந்த முடி அதற்குக் கிடையாது. இதைப் பலர்மோ அண்ணை தானாகவே தேடிப் படித்துக் கண்டுபிடித்தார். வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது நான்கு நாடுகள். அத்தான் என்னைப் பார்த்தார். "நீதானே படிச்சனி. இதுக்கு ஒரு ஒழுங்கு எழுது."

எழுதினேன். பிழை அங்கேதான் நடந்தது. நகரசபைக் கவுன்சில் அலுவலகத்தில் வேலை செய்து பழகிய கை. இரண்டு பக்கம் தட்டச்சு செய்து, எழுந்து நின்று வாசித்தேன். புதிதாக வந்தவருக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். ஆகவே பேணி இனிமேல் இருவருக்கு மட்டும் உரியதல்ல. தொடர் முடியும்போது புள்ளிப் பட்டியலில் எங்கள் நான்கு நாடுகளில் எது மேலே நிற்கிறதோ அந்த ஆளுக்கு. அதுவரை எல்லோருக்கும் கடதாசிக் கப். நியாயமான சட்டம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஆடிய சனிக்கிழமை ஸ்கொட்லாந்து வென்றது. வழக்கமாகக் கிளாஸ்கோ அண்ணை எழும்பி, அத்தான் முகத்துக்கு முன்னால் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் உட்காருவார். அன்று என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, இப்ப எனக்கு எத்தினை புள்ளி?"

சொன்னேன்.

"அத்தானுக்கு?"

சொன்னேன்.

"அப்ப நான் அடிச்சும் அவர்தான் மேலையோ?"

"இப்போதைக்கு ஓம் அண்ணை. பட்டியல்படி."

அத்தான் முகட்டைப் பார்த்தார். கிளாஸ்கோ அண்ணை தன் கையில் இருந்த கடதாசிக் கப்பை உற்றுப் பார்த்தார். "இவருக்கு அடிச்சுப்போட்டு நான் இதில குடிக்கிறன். இது என்ன கோதாரி ஒழுங்கு?"

ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த அறையில் சத்தம் இல்லாமல் ஒரு ரக்பிச் சனிக்கிழமை முடிந்ததே கிடையாது. கிளாஸ்கோ அண்ணை நேரத்தோடு கிளம்பிவிட்டார்.

கப்புகளைக் கழுவும் தொட்டியடியில் பலர்மோ அண்ணை நின்றார். கடதாசிக் கப்பையும் கழுவிக்கொண்டிருந்தார். "நான் இனி வரேல்லைத் தம்பி" என்றார். "என்னாலதானே அவையின்ர விளையாட்டுக் குழம்பினது."

"உங்களுக்கும் கப் கிடைக்க வேணும் எண்டுதான் அண்ணை எழுதினனான்."

"எனக்கு கப் ஆர் கேட்டது? எனக்கு ஒரு ஆள் வேணும்." தண்ணீரை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினார். "அவை ரெண்டு பேரும் கிழமை முழுக்க ஒருத்தரை ஒருத்தர் கடிக்கினம். போன் எடுத்துக் கடிக்கினம். நான் தோத்தா என்ன சொல்லுறியள்? பரவாயில்லை அண்ணை, நல்லா விளையாடினவங்கள் எண்டுறியள். நீதான் கூடுதலாச் சொல்லுறனி. பரவாயில்லை எண்டு ஆசுபத்திரியிலதான் சொல்லுறது. ஒருநாள் எண்டாலும் எனக்கு ஆரும் நக்கல் அடிச்சிருக்கினமோ?"

யோசித்துப் பார்த்தேன். ஒருநாளும் இல்லை. நான் அவருக்குக் காட்டிய மரியாதை எல்லாம் விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை. வீட்டுக்காரனை யாரும் அப்படித் தேற்றுவதில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு முன் என் இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். பேணி பழையபடி அந்த இருவருக்கே. கிளாஸ்கோ அண்ணையின் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய தொடரும் அப்படித்தானே நடக்கிறது. ஆறு நாடாகப் பெருகினாலும் கல்கத்தாக் கோப்பையைத் தூக்கி ஆறு பேருக்கும் பொதுவில் வைக்கவில்லை. பழைய சண்டை பழைய இடத்திலேயே இருக்க, புதிதாக வந்தவன் தனக்கென்று ஒரு சண்டையைத் தேடிக்கொள்ள வேண்டும். பலர்மோ அண்ணைக்கு போன் எடுத்தேன். "கடைசிச் சனிக்கிழமை கார்டிஃபில வேல்சும் இத்தாலியும். எனக்கும் உங்களுக்கும் தனிப் பந்தயம். வாறியளோ, பயமோ?"

"ஆருக்குப் பயம்?" என்றார்.

எதை வைத்து ஆடுவது என்பதை அக்காதான் தீர்த்தார். கடைசி இடத்துக்கு வரும் நாட்டுக்கு மரக்கரண்டி என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள், கையில் ஒன்றும் கொடுப்பதில்லை. அக்கா தன் மர இடியப்ப உரலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தோக்கிற ஆள் அண்டைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் பிழியட்டும். எனக்கும் ஒரு நாள் லீவு."

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை இத்தாலி ஸ்கொட்லாந்தை வென்றது. கிளாஸ்கோ அண்ணைக்கு மனம் ஆறவில்லை. "அப்ப எனக்கும் உமக்கும் ஒரு கப் வைப்பம்" என்றார். பலர்மோ அண்ணை கையைக் காட்டித் தடுத்தார். "வரிசையில நில்லுங்கோ. முதல் இந்தப் படிச்ச பெடியன்ர கணக்கை முடிக்க வேணும்."

முடித்தும்விட்டார். வேல்ஸ் தன் சொந்த மைதானத்திலேயே தோற்றது. நான் மூன்று வருடம் படித்த ஊரில், நான் நடந்து திரிந்த ஆற்றங்கரைக்குப் பக்கத்தில். விசில் ஊதியதும் பலர்மோ அண்ணை எழுந்தார். உரலை எடுத்து, துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

மாவைக் கொஞ்சம் இறுக்கமாகக் குழைத்துவிட்டேன். உரலை அமத்த அமத்தக் கை நொந்தது. அவர் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"கார்டிஃபில இதெல்லாம் படிப்பிக்கேல்லையோ?"

"இல்லை."

"டிகிரி இருக்கெண்டாங்கள். இது என்ன, இடியப்பமோ கயிறோ? மாடு கட்டலாம்."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்தத் தோல்வி மூன்று நாளைக்காவது உறங்கவிடாது என்று தெரிந்தது. அதுவரை எந்தப் பெரியவரிடமும் நான் எதிர்த்துப் பேசியதில்லை.

"அடுத்த வருசம் ரோமில" என்றார் அவர். "பிழியப் பழகிக்கொண்டு வா."

"அரிசிமாவை இப்பவே வாங்கி வையுங்கோ. நீங்கள்தான் பிழியப் போறியள். உங்கட ஆக்களுக்கு இண்டைக்கு ரெஃப்ரி மாப்பிள்ளைக்குச் செய்யிற மாதிரியெல்லோ உபசாரம் செய்தவர்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பலர்மோ அண்ணை சிரிக்கவில்லை. எதிரியிடம் சிரிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். தட்டை நீட்டி, ஆறு இடியப்பம் எடுத்து, ஏழாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை தடிப்பு என்று தலையை ஆட்டிவிட்டு அதையும் போட்டுக்கொண்டார்.